முழத்துக்குக் குறைந்த துண்டு

எங்கள் ஊர் மணியக்காரர் பொய் சொன்னார். என் அப்பா திருடவில்லை.

வேங்கை மரத்தூள் ஈரக்கையில் மஞ்சளாகப் பிடிக்கும், கழுவினாலும் போகாது. ஐம்பதுகளில், நான் பாவாடை கட்டிய சிறுமியாக இருந்தபோது, என் கை எப்போதும் அப்படித்தான் இருக்கும். மத்தூர்ப் பக்கத்து எங்கள் ஊரில் மணியக்காரர் கட்டிய புது வீட்டுக்கு அப்பாதான் ஆசாரி. வேலையில் மிஞ்சுகிற, முழத்துக்குக் குறைந்த துண்டெல்லாம் ஆசாரிக்கு என்பது எங்கள் பக்கத்து வழக்கம். அந்தத் துண்டுகளில் அப்பா "தொட்டி முக்காலி" செய்வார், பூந்தொட்டியைக் கரையான் ஏறாமல் தூக்கி வைக்க. துண்டு குட்டை என்பதால் ஒவ்வொரு காலுக்கும் இரண்டு துண்டைப் பொருத்தி மூங்கில் ஆணி அடிக்க வேண்டும். ஆணி சீவுவது நான். ஓசூர்ச் சந்தையில் பெங்களூர்க்காரர்கள் "சென்னாகிதே", நன்றாக இருக்கிறது என்று கன்னடத்தில் சொல்லி, திருப்பித் திருப்பிப் பார்த்து வாங்கிப் போவார்கள்.

கூரை ஏற்றும் நேரத்தில் ஒரு உத்திரம் காணவில்லை. மணியக்காரர் ஊரைக் கூட்டி, எங்கள் வீட்டு முக்காலிகளைக் கோயில் முன்னால் கொட்டச் சொன்னார்.

"ஏன்டா ஆசாரி, உத்திரத்த அறுத்துப் பூச்செடிக்குச் சிம்மாசனம் போட்டுட்டியா?"

எல்லோரும் சிரித்தார்கள்.

"மொழத்துக்குக் கொறஞ்சதத்தானுங்க சாமி எடுத்தேன்" என்றார் அப்பா.

அம்மா ஒரு முக்காலியைத் தலைகீழாகத் தூக்கிப் பிடித்தாள். "காலெல்லாம் ஒட்டு, பாருங்க. முழு உத்திரத்தத் திருடுனவன் எதுக்குங்க துண்டு துண்டா ஒட்டுறான்?"

"பொம்பளைக்கு இங்க என்னாடி பேச்சு?" என்று மணியக்காரர் அதை எட்டி உதைத்தார். ஒருவனும் குனிந்து பார்க்கவில்லை.

அடுத்த அறுவடைக்குக் குருபரப்பள்ளியில் மணியக்காரரின் மருமகன் களத்துக்குக் கூலிக்குப் போன அம்மா, அவன் மாட்டுக்கொட்டகையில் அந்த உத்திரத்தைப் பார்த்தாள். அப்பா உளியால் எடுத்த துளைகள் அப்படியே இருந்தன. மற்ற மருமகன்களுக்குத் தெரியாமல் மாமனார் கொடுத்த சீர் அது. வண்டியில் ஏற்றி ஓட்டி வந்தது மணியக்காரரின் மகன் என்று களத்துப் பெண்களே சொன்னார்கள். அம்மா ஊருக்கு வந்து வீடு வீடாகச் சொன்னாள். "நடந்தது நடந்துபோச்சு, வுடும்மா" என்றார்கள்.

அப்பாவை அதன்பின் யாரும் வேலைக்குக் கூப்பிடவில்லை. பெங்களூர் மரக்கிடங்கில் கட்டை தூக்கப் போனார். ஒரு கட்டை உருண்டு நெஞ்சில் ஏறியது. சாவுச் செய்தி ஊருக்கு வந்தபோது, "எந்த ஆசாரி, அந்தத் திருட்டு ஆசாரியா?" என்றுதான் கேட்டார்கள்.

இன்று அந்தக் கொட்டகை இல்லை, மணியக்காரர் வீட்டை இடித்து மனை பிரித்துவிட்டார்கள், அம்மாவும் போய்விட்டாள். "திருட்டு ஆசாரி வூடு" என்ற பெயர் மட்டும் போகவில்லை. என் பேரனையும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்.

வண்டி ஓட்டிய மகன் இன்னும் இருக்கிறார், ஊரில் பெரிய மனிதர். ஐயா, வருகிற எருது விடும் நாளில், ஊரே திடலில் நிற்கும்போது, மைக்கைப் பிடித்துச் சொல்லுங்கள்: அந்த உத்திரத்தை யார் வீட்டில் இறக்கினீர்கள்?