அரிசி கழுவிய தண்ணீரில் கெராங்

கெராங்கின் ஓடு சிறியது, தடித்தது. முதுகில் சீப்புப் பல்போல வரிவரியாக மேடுகள் ஓடும். கெப்பா அதைவிடப் பெரியது. உள்ளங்கையில் பாதியை அடைக்கும். ஓடு கரும்பழுப்பு, தடவினால் ஏறக்குறைய வழவழப்பு. கெராங்கைப் பிளந்தால் இரத்தம்போல் சிவப்பாக வடியும். கெப்பாவில் வெறும் கலங்கல் நீர்தான். கெராங் கடலோரச் சேற்றில் வளர்கிறது. கெப்பா கிடப்பது ஆற்று முகத்துச் சதுப்புக் காட்டில், உப்பு நீரும் நல்ல நீரும் கலக்கும் இடத்தில். இரண்டும் மலாய்ப் பெயர்கள். கடைகளில் அந்தப் பெயர்களைச் சொல்லித்தான் விற்பார்கள். வீட்டுப் பேச்சில் இரண்டுமே எங்களுக்குச் சிப்பிதான். எங்கள் தோட்டத்தில் கணக்கெழுதிய யாழ்ப்பாணத்துக் கிராணி வீட்டில் இரண்டையும் மட்டி என்றார்கள்.

நானும் அக்காவும் பிறந்தது கோலா சிலாங்கூருக்கு அருகே ஒரு தோட்டத்தில். ஞாயிற்றுக்கிழமைகளில் தொழிலாளர் லயத்து ஆண்கள் சதுப்பில் இறங்கிக் காலால் துழாவி கெப்பா எடுத்து வருவார்கள். அம்மா அவற்றை அரிசி கழுவிய தண்ணீரில் இரண்டு நாள் போட்டுவைப்பார். உள்ளே இருக்கும் சேற்றைக் கக்கிவிடும். வாய் பிளந்தது செத்தது, எறிந்துவிட வேண்டும். மூடியிருப்பது உயிரோடு இருக்கிறது, சட்டியில் போடலாம். கெராங் எங்கள் வீட்டுக்குள் வந்ததே இல்லை. அந்தச் சிவப்பு அம்மாவுக்கு அருவருப்பு. சிப்பியைப் பற்றி அக்காவுக்குத் தெரிந்தது இவ்வளவுதான்.

அக்காவின் கணவரை நான் மாமா என்று கூப்பிடுவேன். அவர் புக்கிட் பெருந்துங் பக்கத்துக்காரர், லோரி ஓட்டியவர். லோரிகள் நிற்கும் கடைகளில் கெராங் தின்று பழகியவர். கொதிநீரில் முக்கி, சிவப்பு மாறுவதற்குள் எடுத்து, மிளகாய்ச் சம்பலில் தோய்த்துத் தின்ன வேண்டும் என்பார். சில ஆண்டுகளுக்கு முன் அவருடைய கல்லீரல் சுருங்கத் தொடங்கிவிட்டதாக மருத்துவர் சொன்னார். மாமா குடியை விட்டார். பாதி வெந்த நண்டு, சிப்பி எதையும் தொடக்கூடாது என்பதும் அதே நாளில் சொல்லப்பட்டதுதான். அது மட்டும் அவர் காதில் ஏறவில்லை.

ஒரு வியாழக்கிழமை அக்கா போன் செய்தார்.

"ஒங்க மாமா சிப்பி வாங்கியாந்திருக்காரு. சனிக்கிழம சாப்புட வந்துரு."

"வரேங்க்கா" என்றேன். எந்தச் சிப்பி என்று கேட்கவில்லை. இருபது ஆண்டுகள் நாளேட்டு நிருபராக இருந்தவன், முதலில் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது.

சனிக்கிழமை பதினொரு மணிக்குத் தஞ்சோங் காராங்கில் அவர்கள் வீட்டு வாசலில் காரை நிறுத்தினேன். தார் இளகும் வெயில். மாமா முன்னறை நாற்காலியில், மோட்டார் சைக்கிள் ஓட்டும்போது போடும் தடித்த சட்டையைக் கழுத்துவரை இழுத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். மின்விசிறியை நிறுத்திவைத்திருந்தார்.

"என்ன மாமா, கேமரன் மலைக்குக் கெளம்பியாச்சா?"

"லேசா குளுருது மச்சான். வயசாச்சுல்ல. ஒனக்கும் வரும், அப்ப நான் சிரிக்கிறேன்."

அவர் சிரித்தார். உதடு காய்ந்திருந்தது.

பின்கட்டில் ஒரு நெகிழி பேசின் இருந்தது. நான் குனிவதற்கு முன்பே வாடை வந்தது. வெள்ளையாகக் கலங்கிய தண்ணீருக்கடியில் வரிவரியாக மேடு ஓடிய ஓடுகள்.

"அக்கா, இது கெராங்."

"சிப்பிதான?"

"எப்பலேருந்து தண்ணியில கெடக்கு?"

"வாங்கியாந்த அன்னிக்கே போட்டுட்டேன். ரெண்டு வாட்டி தண்ணி மாத்திட்டேன். பாரு, எல்லாம் எப்புடி வாய மூடிக்கிட்டுக் கெடக்குன்னு."

ஜெராம் படகுத்துறையில் கெராங் வளர்க்கும் ஒருவரை முன்பு பேட்டி எடுத்திருக்கிறேன். கெப்பா நல்ல தண்ணீரைத் தாங்கும், சேற்றைவிட்டு எடுத்தாலும் பல நாள் கிடக்கும். கெராங் அப்படியில்லை என்றார். நல்ல தண்ணீரில் போட்டால் செத்துப்போகும். ஈரச் சாக்கில் வைத்து அன்றைக்கே சமைத்துவிட வேண்டும். செத்ததில் சில, உள்ளே சேறு அடைத்துக்கொண்டு திறக்காமலே இருக்கும் என்றும் சொன்னார். அதை நான் செய்தியிலும் எழுதினேன். அக்காவிடம் சொல்லத் தோன்றியதில்லை.

கத்தி வாங்கி, மூடியிருந்தவற்றில் ஒன்றை நெம்பினேன். சதை வெளுத்திருந்தது. அடுத்ததும் அப்படியே. மூன்றாவதன் உள்ளே கருஞ்சேறு. அக்கா மூக்கைப் பொத்திக்கொண்டு பின்வாங்கினார்.

மாமா சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றார். "பேப்பர்காரன் வந்துட்டான்லா. இனிமே சிப்பிக்கிட்டயும் பேட்டி எடுப்பான்."

"எல்லாத்தையும் கொட்டணும் மாமா."

"தாராளமா கொட்டு. நான் நேத்தே ருசி பாத்துட்டேன்."

நான் அக்காவைப் பார்த்தேன்.

"மத்தியானம் ஒரு மங்கு நெறய கேட்டாரு" என்றார். "மூடியிருந்ததாத்தான் பொறுக்கிப் போட்டேன். கொதிக்கிற தண்ணி."

"எவ்ளோ நேரம் வெந்துச்சு?"

அக்கா பேசினைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "அவரு போதும்னாரு."

மாமா நாற்காலிக்குத் திரும்பும்போது இடதுகாலை இழுத்து வைத்தார். கைலியைக் கொஞ்சம் தூக்கச் சொன்னேன். கெண்டைக்காலில் கையகலத்துக்குச் சிவந்திருந்தது. நடுவில் ஊதா.

"கொசு" என்றார்.

"கொசு கடிச்சு இம்மாம் பெருசாவா?" அக்கா குனிந்து தொட்டுப் பார்த்தார்.

"தஞ்சோங் காராங் கொசுடி. நெல்லு தின்னு வளந்தது."

காரில் ஏற்றினோம். வழியெல்லாம் வாய்க்காலைப் பார்த்துக்கொண்டு வந்தார். ஒருமுறை பற்கள் அடித்துக்கொள்ளும் சத்தம் கேட்டது. மருத்துவமனை அவசரப் பிரிவு முகப்பில் இருந்தவர் மலாயில், என்ன சாப்பிட்டார் என்று கேட்டார். அக்கா முந்திக்கொண்டு "கெப்பா" என்றார். வாய்ப்பழக்கம். நான் திருத்தினேன்: கெராங், செத்தது, பாதிதான் வெந்தது, சாப்பிட்டு ஏறக்குறைய ஒரு நாளாகிறது, நோயாளிக்குக் கல்லீரல் பழுது. கடைசிச் சொல்லில் அவர் எழுதுவதை நிறுத்திவிட்டுத் தள்ளுநாற்காலிக்குக் குரல் கொடுத்தார்.

மருத்துவர் இளம்பெண். வேகாத சிப்பியில் இருக்கும் கிருமி, கல்லீரல் பழுதானவர்களின் இரத்தத்தில் கலந்து இப்படிக் காலில் இறங்கும் என்றார். மருந்து நீர் ஏற்ற ஊசி குத்தினார்கள். பிறகு அவர் நீலப் பேனாவால் அந்தச் சிவப்பின் ஓரம் பிசகாமல் சுற்றி ஒரு கோடு போட்டு, பக்கத்தில் மணி எழுதினார். 12.40. கோட்டைத் தாண்டினால் உடனே கூப்பிடுங்கள் என்றார். தாண்டினால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். அறுவை அறைக்குச் சொல்லிவைத்திருக்கிறோம் என்று மட்டும் சொன்னார்.

"லோரிக்கு பார்க்கிங் போட்ட மாரி இருக்குல்ல?" மாமா கண்ணை மூடியபடி சொன்னார்.

அக்கா கைலியின் ஓரத்தைத் தூக்கிப் பிடித்தபடி கட்டிலருகே நின்றார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. சுவர்க் கடிகாரத்தில் ஒரு மணி ஐந்து.

"தம்பி, இங்க வாயேன். முட்டிப் பக்கம் கோடு தெரியல."

நான் போய்க் குனிந்து பார்த்தேன். கோடு அங்கேதான் இருந்தது. அதன் இரண்டு பக்கமும் ஒரே நிறமாகியிருந்தது.