வலது கைக்கு மரியாதை

“சூடு கூடிப்போச்சோ? கொஞ்சம் ஆற விடட்டோ?”

நல்லெண்ணெய்க் கிண்ணத்தை ஊதியபடி தங்கரத்தினம் கேட்பது பக்கத்து வீட்டுக்காரனான என்னை அல்ல. தன்னுடைய வலது கையை. பதில் கிடைத்ததுபோலத் தலையை ஆட்டிவிட்டு, மணிக்கட்டிலிருந்து விரல் நுனிவரை எண்ணெயைத் தேய்க்கிறார். வேலைக்குப் புறப்படுமுன் தினமும் இந்த உபசாரம் நடக்கும். இடது கைக்கு இந்தக் கொடுப்பினை இல்லை. அது தேய்த்துவிடுவதோடு சரி.

திருகோணமலைத் துறைமுகத்தில் ஒரு தேயிலைக் கம்பனிக்குக் கிரேன் ஓட்டுகிறவர் அவர். நெட்டை மனிதர். காதில் எப்போதும் ஒரு பீடி செருகியிருக்கும். அதைப் பற்றவைத்து நான் கண்டதில்லை.

போன மாரிமழைக் காலத்தில் அவருடைய கிரேனின் கம்பிக்கயிறு அறுந்து தேயிலைப் பெட்டிகள் விழுந்தன. கீழே நின்ற தொழிலாளி, கிண்ணியா ஊர் அலியாரின் கால் முறிந்தது. கயிறு உக்கிப்போயிருந்தது, ஓட்டினவரில் பிழையில்லை என்று விசாரணையில் சொல்லிவிட்டார்கள். ஆனாலும் அன்றிலிருந்து கிரேனின் பிடியைத் தொட்டாலே வலது கை விறைத்துக்கொண்டது. எலும்பிலும் நரம்பிலும் ஒரு குறையுமில்லை என்றார் டொக்டர். “எனக்கு விளங்கிட்டுது, கைக்குத்தான் விளங்கேல்ல” என்றார் இவர். களஞ்சியத்தில் பெட்டிகளுக்குக் காவலாகப் போட்டார்கள்.

அந்த நாட்களில் கையை அவர் ஏசாத ஏச்சில்லை. “சனியன் பிடிச்ச கை” என்று கதவு நிலையில் ஓங்கி அடித்துமிருக்கிறார். குசினியில் சமைத்துக்கொண்டிருந்த மனைவி நல்லம்மாதான் ஒருநாள் ஓடிவந்து தடுத்தார். “படலையில வாற பிச்சைக்காரனையும் நீங்கள் எண்டுதான் கதைக்கிறியள். இது மட்டும் என்ன பாவம் செய்தது?”

அன்றே கைக்கு ‘நீங்கள்’ வந்துவிட்டது. பஸ் நிலையத்தில் ஒருமுறை, “கொஞ்சம் பொறுங்கோ, வீட்ட போய்ப் படுக்கலாம்” என்று கையிடம் சொல்ல, பக்கத்தில் நின்ற பெண் குடையும் தானுமாக விலகிப் போய்விட்டாள். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. மனிதருக்கு வெட்கமேயில்லை.

இன்று எனக்குச் சிரிப்பு வரவில்லை. களஞ்சியத்திலிருந்து அவரை மறுபடி கிரேனில் ஏற்றிப் பார்க்கும் நாள். இன்றும் கை விறைத்தால் கிரேன் வேறொருவருக்கு, இவர் கடைசிவரை களஞ்சியத்துக்கு என்று மேலதிகாரி சொல்லியிருந்தார். நான் அரைநாள் லீவு போட்டுவிட்டுப் போனேன். இறங்குதுறையில் ஒருவரும் வேலை செய்யவில்லை. எல்லாக் கண்ணும் மேலே. அலியாரும் பொல்லை ஊன்றிக்கொண்டு கிண்ணியாவிலிருந்து வந்திருந்தார்.

பெட்டிகள் எழும்பின. பாதியில், அந்தரத்தில் நின்றன. கை விறைத்துவிட்டது. “இறக்கு, இறக்கு” என்று யாரோ கத்தினார்கள். கிரேனின் கண்ணாடிக் கூண்டுக்குள் தங்கரத்தினம் அவசரப்படவில்லை. இடது கையை எடுத்து வலது கையின் மேல் வைத்தார். உதடு அசைந்தது. மூச்சை ஆழமாக இழுத்து மெதுவாக விட்டார், இன்னொருமுறை விட்டார். பிடி நகர்ந்தது. பெட்டிகள் பூப்போலக் கப்பலுக்குள் இறங்கின. என் வயதையும் மறந்து நான் விசிலடித்தேன்.

கீழே வந்தவரிடம் அலியார் கேட்டார்: “அப்பிடி என்னத்தச் சொன்னீங்க கைக்கிட்ட?”

“பயமெண்டா நடுங்குங்கோ, நான் பிடிச்சிருக்கிறன் எண்டனான்.”

அலியார் பொல்லைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு இரண்டு கைகளையும் நீட்டினார். விபத்துக்குப் பிறகு அவருக்குக் கை கொடுக்காமல் நழுவிக்கொண்டே திரிந்தவர் தங்கரத்தினம். வலது கையைச் சட்டையில் துடைத்தார். ஒருதரம் அதை உற்றுப் பார்த்தார். “போங்கோ” என்று மெல்லச் சொல்லி, அதை அலியாரிடம் கொடுத்தார்.