திரும்ப மறுத்த தட்டு

அண்ணியின் கைகள் முதலில் வால்வின் கைப்பிடியைக் கழற்றி மேசையில் வைத்தன. அடுத்து, பல் வெட்டிய சிறு தகடு. பிறகு வால்வின் நடுவே மேலிருந்து கீழாக ஓடும் தண்டை உருவப் பார்த்தன. அசையவில்லை. மரச் சுத்தியலால் ஒரு தட்டு, இன்னொரு தட்டு. மூன்றாவதில் தண்டு வெளியே வந்தது, பிழிந்த ஈரத்துணி மாதிரி முறுக்கிக்கொண்டு.

"தம்பி, இதுல எத்தனை பேர் தொங்கினீங்க?"

"யாரும் தொங்கலை அண்ணி."

"எத்தனை பேர்?"

"மூணு பேர். கைப்பிடி அசையலைன்னு நீளமா ஒரு குழாயைச் சொருகினோம். அப்புறம் கேன்டீன் சமையல்காரரையும் கூப்பிட்டோம்."

"அப்ப நாலு."

கொழுந்தன் சோப்புத் தொழிற்சாலையில் ஃபிட்டர். அண்ணிக்கு வால்வு பழுது பார்ப்பது தொழில். ஊர் முழுக்க அவளுக்குச் 'சொட்டு' என்று பெயர். எங்கே ஒரு சொட்டு ஒழுகினாலும் அவளுக்கு இருப்புக்கொள்ளாது. கல்யாணமான புதிதில் குளியலறைக் குழாய் ஒழுகியபோது தானே பிரித்துப் பார்த்துக் கற்றுக்கொண்டவள். மூன்று முறை வீட்டை வெள்ளக்காடாக்கிய பிறகுதான் பிடிபட்டது. துக்கம் விசாரிக்கப் போன வீட்டில்கூட, அழுதுகொண்டிருந்தவர்களிடம் "ஒரு நிமிஷம்" என்று எழுந்து போய், சமையலறைக் குழாயைச் சரிசெய்துவிட்டு வந்து மறுபடி அழுதவள்.

அவள் போன வாரம் சரிசெய்து அனுப்பிய வால்வுதான் இது. மாட்டிய அன்றே இறுகிவிட்டது.

"மேனேஜர் உங்க வேலை சரியில்லைங்கிறார் அண்ணி. அது போகட்டும். மூணு மணிக்கு நீராவியை நிறுத்திடுவாங்க. அதுக்குள்ள தொட்டியில இருக்கிற சோப்பு அச்சுக்குப் போகலைன்னா உறைஞ்சு பாறையாயிடும். நான்தான் உள்ள இறங்கி உளியால வெட்டணுமாம். முன்னாடி ஒருத்தன் மூணு நாள் வெட்டினான். இப்பவும் அவனுக்கு வேர்த்தா நுரை வருது."

அவள் சிரிக்கவில்லை. வால்வின் உள்ளே விரலை விட்டு ரப்பரைத் தடவிக்கொண்டிருந்தாள்.

இந்தப் பட்டாம்பூச்சி வால்வு பெயருக்குத்தான் பெரிய சங்கதி. குழாயின் குறுக்கே ஒரு வட்டத் தட்டு, தட்டைத் தாங்கும் தண்டு, தண்டின் தலையில் கைப்பிடி, அவ்வளவுதான். கைப்பிடி குழாயோடு ஒரே திசையில் படுத்திருந்தால், தட்டு விளிம்பைக் காட்டி நிற்கும். சோப்பு அதன் இருபுறமும் ஓடும். கால் சுற்று திருப்பினால் தட்டு குறுக்கே நின்று வழியை மறித்துவிடும். சுற்றிலும் உள்ள ரப்பர் இருக்கை தட்டின் விளிம்பைக் கவ்வி, ஒரு சொட்டையும் விடாது. பாதி மட்டும் திறக்கவேண்டுமென்றால், அந்தப் பல் தகட்டில் கைப்பிடி மாட்டிக்கொண்டு நிற்கும்.

"ரெண்டு குழாய்க்கும் நடுவுல வச்சு போல்ட்டை முறுக்கும்போது தட்டு எப்படி இருந்துச்சு?"

"திறந்துதான்."

அவள் ரப்பரை வெளியே எடுத்துக் காட்டினாள். உட்புறம் சுற்றிலும், தட்டின் விளிம்பு கத்தி போலப் பதிந்திருந்தது.

"ரப்பர் வேற மாதிரி சொல்லுதே."

கொழுந்தன் ரப்பரைப் பார்த்தான், கூரையைப் பார்த்தான். "மூடியிருந்தாத்தானே அண்ணி தூக்க வசதி."

"உன் பெல்ட்டை ரெண்டு ஓட்டை தள்ளி இறுக்கு."

"எதுக்கு?"

"இறுக்கு."

இறுக்கினான். தொப்பை பெல்ட்டுக்கு மேலே எட்டிப் பார்த்தது.

"பார்த்தியா? நசுக்கினா சதை எங்கயாவது போகணும். ரெண்டு பக்கக் குழாயும் சேர்ந்து ரப்பரை நசுக்கினா, அது உள்பக்கம்தான் பிதுங்கும். உள்ளே தட்டு மூடி நின்னா, அதை அப்படியே கடிச்சுக்கும். நாலு பேர் இல்ல, நாற்பது பேர் தொங்கினாலும் தண்டுதான் முறுக்கிக்கும்."

"பெல்ட்டைத் தளர்த்திக்கலாமா?"

"தளர்த்திக்கோ."

மணி ஒன்றரை. புதுத் தண்டு அலமாரியில் இருந்தது. ரப்பரும் இருந்தது. தட்டின் விளிம்பை மெல்லிய உப்புத்தாளால் தேய்த்து, நகத்தால் சுற்றிவந்து பார்த்தாள். ஓரிடத்தில் நகம் தடுக்கியது, மறுபடி தேய்த்தாள். கொழுந்தன் கடிகாரத்தையும் அவளையும் மாறிமாறிப் பார்த்தான்.

"போதும் அண்ணி, கொடுங்க."

"இன்னும் பேப்பர் பார்க்கலை."

பக்கத்து அறையில் தைத்துக்கொண்டிருந்த கணவரின் குரல் வந்தது. "இன்னைக்குப் பேப்பரா? நான் விளையாட்டுப் பக்கம் படிக்கலை."

அதற்குள் அந்தப் பக்கம் தரையில் விரிந்துவிட்டது. புதுத் தண்டும் ரப்பரும் மாட்டி மூடிய வால்வைக் கீழே இரண்டு கட்டைகளின்மேல் படுக்கவைத்து, தட்டின்மேல் தண்ணீர் ஊற்றி நிரப்பினாள். கணவரும் எழுந்து வர, மூவரும் குந்தி அமர்ந்து காகிதத்தையே பார்த்தார்கள். பத்து நிமிடம். கொழுந்தனின் மூக்கிலிருந்து ஒரு வியர்வைத் துளி விழுந்தது.

"ஒழுகுது," என்றார் கணவர்.

"அது இவன்," என்றாள் அவள்.

தண்ணீரைக் கொட்டிவிட்டு, தட்டை ஒரு விரல் அகலம் திறந்து, கைப்பிடியைப் பல் தகட்டோடு சேர்த்துக் கட்டுக்கம்பியால் ஆறு சுற்று சுற்றி முறுக்கினாள்.

"இப்படியே ரெண்டு குழாய்க்கும் நடுவுல நுழை. போல்ட்டெல்லாம் கையால மாட்டினப்புறம்தான் கம்பியை வெட்டணும். முழுசாத் திற. அப்புறம் எதிரெதிரா முறுக்கு. எல்லாம் முடிஞ்சு ஒரு தடவை மூடித் திறந்து பாரு."

"கம்பி எதுக்கு? நான் என்ன குழந்தையா?"

அவள் வால்வை நீட்டினாள். கொழுந்தன் இரண்டு கையாலும் வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டான்.