அஜிதா வராத நாட்கள்

பள்ளிக்கு அடிக்கடி மட்டம் போடும் பிள்ளைகளின் வீடுகளுக்குப் போய்ப் பேசுவது எங்கள் பள்ளி மேலாண்மைக் குழுவின் வேலை. அன்று டீச்சரும் நானும் ஏழாம் வகுப்பு அஜிதாவின் வீட்டுக்குப் போனோம். பொறுப்பில்லாத பெற்றோர் என்று வழிநெடுகத் திட்டிக்கொண்டே நடந்தேன்.

இடுப்பில் தங்கையோடு அஜிதா கதவைத் திறந்தாள்.

“அம்ம எங்க மக்களே?” என்று டீச்சர் கேட்டார்.

“இந்த மாமி வீட்டுலதான் வேலைக்கு நிக்கா. பிள்ளைய அங்க கொண்டு வரப்பிடாதுன்னு மாமி சொன்னாவளாம். அதான் நான் பாக்கேன்.”

சொன்னது உண்மைதான். என் வீட்டில் பாத்திரம் தேய்க்கும் லீலாவிடம் மூத்த மகளின் பெயரைக்கூட நான் கேட்டதில்லை.

டீச்சர் பதிவேட்டை என்னிடம் நீட்டினார். காரணம் என்ற இடத்தில் ‘குடும்பச் சூழ்நிலை’ என்று எழுதினேன்.

எந்தக் குடும்பம் என்று எழுதவில்லை.