அமைச்சரை உட்காரச் சொன்ன காளிராஜ் அண்ணன்

மண்ணெண்ணெயும் இங்க்கும் கலந்த அந்த வாடை... சிவகாசியில் பிரஸ் வேலைக்குப் போனவர்களுக்குத் தெரியும். என்ன சோப்புப் போட்டுக் கழுவினாலும் போகாது. சோற்றில் கை வைத்தால் சோறும் அதே வாடைதான்.

அப்போது நான் ஒரு ஆஃப்செட் பிரஸ்ஸில் டிசைனர். காலண்டர் சீசன். முதலாளி வீட்டுக் கல்யாணத்துக்கே மெஷினை நிறுத்தாத நேரம். அப்படிப்பட்ட மெஷினை ஒருநாள் காலை பதினோரு மணிக்கு நிறுத்தினோம்.

எதற்கு? நாடாளுமன்றத்தில் கேள்வி நேரம் பார்க்க!

சிரிக்காதீர்கள்... காரணம் பேச்சியக்கா.

பேச்சியக்கா பைண்டிங்கில் வேலை பார்த்தார். ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஊர், தினமும் வேனில் வருவார். சொந்தமாக ஒரு வீடு கட்டிவிட வேண்டும் என்றுதான் அவர் வீட்டுக்காரர் வளைகுடாவுக்குக் கட்டட வேலைக்குப் போனார். போன இடத்தில் கம்பெனிக்காரன் பாஸ்போர்ட்டைப் பிடுங்கிக்கொண்டான். முதலில் சம்பளம் நின்றது. அப்புறம் போனும் நின்றது. ஆள் இருக்கிறாரா இல்லையா என்றே தெரியாது. யாராவது விசாரித்தால் அக்கா, "வந்துருவாக" என்று மட்டும் சொல்லிவிட்டுக் குனிந்துகொள்வார்.

மனு மேல் மனு கொடுத்ததில், எங்கள் எம்.பி. ஒருவழியாக அதைக் கேள்வியாக எழுதிக் கொடுத்தார். வெளியுறவு அமைச்சர் சபையில் எழுந்து நின்று பதில் சொல்லவேண்டிய பட்டியலில் அது வந்தும் விட்டது.

அவ்வளவுதான்... எம்.பி.யின் கட்சிக்காரர் முந்தின நாளே எங்களிடம் போஸ்டர் ஆர்டரோடு வந்து நின்றார். 'கோரிக்கையை ஏற்ற அமைச்சருக்கு நன்றி!' நம் ஊர் சங்கதி தெரியாதா... பிள்ளை பிறக்கும் முன்னே பேர் வைத்துவிடுவோம்.

முதலாளி முறைத்தார். "பதிலே வரல, எதுக்குய்யா நன்றி?" என்றவர் என்னிடம் திரும்பி, "நீ மத்தத எல்லாம் ரெடி பண்ணி வையி. அமைச்சர் சொல்றத போட நடுவுல எடம் விட்டுரு" என்றார்.

பதில் வந்த கையோடு போஸ்டரை ஓட்டவேண்டும். அதற்குத்தான் மெஷின் நின்றது.

முதலாளி ரூம் டிவி முன்னால் எல்லோரும் நின்றோம். பேச்சியக்கா கதவோரம். சபையில் பேசிய இந்தி எங்களுக்கு ஒரு மண்ணும் புரியவில்லை. திரையில் வரும் கேள்வி நம்பரை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தோம். எங்களுக்கு முந்தின நம்பர் வந்தபோது பதினொன்றரை. அது வீட்டுவசதி அமைச்சருக்கான கேள்வி. ஏழைகளுக்கு வீடு எப்போது கிடைக்கும் என்று கேட்கிறார்களாம், கூட நின்ற கட்சிக்காரர் இந்தியைக் கேட்டுச் சொன்னார்.

மெஷின்மேன் காளிராஜ் அண்ணனுக்கு அதைக் கேட்டதும் முகம் மலர்ந்துவிட்டது. அரசாங்க வீட்டுக்கு எழுதிப்போட்டு வருசக்கணக்காகக் காத்திருந்த மனிதர். வாடகை வீட்டில் மழைக்குப் பாத்திரம் வைத்தே அலுத்துப்போனவர். "ஏலே, சத்தத்த கூட்டு!" என்று என்னை விரட்டினார்.

அமைச்சர் பேசினார்... பேசினார்... ஒரு உறுப்பினர் எழுந்து துணைக்கேள்வி கேட்பார், அமைச்சர் மறுபடி ஆரம்பிப்பார். அவர் உட்கார்ந்தால் இன்னொருவர் எழுவார். கேள்வி நேரம் பன்னிரண்டு மணி வரைதான். டிவியைப் பார்ப்பதை விட்டுவிட்டு எல்லோரும் கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்தோம். பேச்சியக்கா முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டார்.

திடீரென்று காளிராஜ் அண்ணன் டிவியைப் பார்த்துக் கத்தினார்.

"யோவ், போதும் உக்காருய்யா! வீட்ட பெறகு கட்டிக்கிடலாம்... அந்தப் பிள்ள நிக்கிது பாரு!"

அந்த ரூமில் வீட்டுக்கு அவரைவிட ஏங்கியவர் யாரும் கிடையாது.

டெல்லிக்குக் கேட்குமா என்ன... பன்னிரண்டு ஆனது. முடிந்தது. மீதிக் கேள்விகளின் பதில்களை எழுத்தில் மேசைமீது வைத்துவிட்டார்களாம். கட்சிக்காரர்தான் விளக்கினார்.

"மேசை மேல வச்சுட்டா... அத யாரு எடுத்து எனக்குச் சொல்லுவாக?" என்று கேட்டார் பேச்சியக்கா.

கட்சிக்காரர் மெல்ல என்னிடம், "தம்பி, பொதுவா ஒரு நன்றிய போட்டு ஓட்டிரு" என்றார். நான் பதில் சொல்லும் முன்னே அக்கா உள்ளே வந்தார்.

"நன்றியெல்லாம் அவுக வந்தப்பெறகு போட்டுக்கிடலாம். என் கேள்விய போடுங்க தம்பி. பதிலுக்கு விட்ட எடத்த அப்படியே விட்டுருங்க."

"எதிர்க்கட்சிக்காரன் சிரிப்பான்மா!" என்று பதறினார் கட்சிக்காரர்.

"சிரிக்கட்டும். பேப்பர் என்னோடது" என்றார் முதலாளி.

மேலே கேள்வி, அதன் கீழே அக்கா வீட்டுக்காரரின் பேரும் ஊரும், அதற்கும் கீழே வெறும் வெள்ளை. சிவகாசி பஸ் ஸ்டாண்டிலிருந்து விருதுநகர் மிளகாய் மண்டி வரைக்கும் ஒட்டினார்கள். டீக்கடையில் நின்று படித்தவர்கள் எல்லாம், "என்னய்யா, பதிலக் காணோம்?" என்று கேட்டார்கள். பத்திரிகைக்காரர்களும் கேட்டார்கள். எம்.பி. ஆபீஸுக்குப் போன் மேல் போன்.

அம்மன் கோயில் பங்குனிப் பொங்கலுக்கு முன்னால் பேச்சியக்காவின் வீட்டுக்காரர் வந்து சேர்ந்தார். போஸ்டரால் வந்தாரா, மேசைமேல் வைத்த பதிலால் வந்தாரா... இன்றுவரை எனக்குத் தெரியாது. எலும்பும் தோலுமாகப் பிரஸ் வாசலில் வந்து நின்றார். காளிராஜ் அண்ணன்தான் முதலில், "சாப்பிட்டீகளா?" என்று கேட்டார்.

இப்போது அமைச்சர் பதில் அன்றைக்கே செல்லில் வந்துவிடுகிறது. எல்லாம் வேகம்தான்... ஆனால் மெஷினை நிறுத்திவிட்டு, இன்னொருத்தர் கேள்விக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்க ஆள் இல்லை. நானும் தனியாகத்தான் பார்க்கிறேன்.

போன வாரம் கேள்வி நேரத்தில் வீட்டுவசதி அமைச்சர் பேசிக்கொண்டிருந்தார். உடனே காளிராஜ் அண்ணனுக்குப் போன் போட்டேன். இன்னமும் வாடகை வீட்டில்தான் இருக்கிறார்.

"அண்ணே, வீடு பத்திப் பேசுதாக, டிவியப் போடுங்க."

"பேசட்டும்லே..." என்றார். "அடுத்தாப்ல யாரு கேள்வி காத்துக் கெடக்குன்னு பாரு."