யோயென்சூ வரைக்கும் மட்டும் சீட்டு

ஹில்க்கா கார்ப்பினென் தன் எழுபத்தோரு வயது வாழ்க்கையில் யாரிடமும் எதையும் துருவிக் கேட்டவள் இல்லை. கயானி ஊரில் அவளைப் பற்றி இரண்டு விஷயம் சொல்வார்கள். பள்ளிக்கூடச் சமையலறையில் வியாழக்கிழமைதோறும் அவள் வைத்த பட்டாணி சூப்புக்கு ஈடு கிடையாது என்பது ஒன்று. அவளிடம் போன ரகசியம் வெளியே வராது, ஏனென்றால் அவள் அதைக் கேட்டே இருக்கமாட்டாள் என்பது இன்னொன்று. அடுத்தவரை நிம்மதியாக விட்டுவைப்பதுதான் எங்கள் நாட்டில் மரியாதை. சொல்ல வேண்டியதை அவரவர் தாமாகச் சொல்லட்டும், அதுவரை காபியை ஊற்றிவைத்துக் காத்திரு என்று வளர்க்கப்பட்டவர்கள் நாங்கள். ஆனாலும் ஹில்க்கா கொஞ்சம் அதிகப்படி. காட்டில் மரம் வெட்டும் இயந்திரம் ஓட்டிய அவள் கணவன் தோய்வோ ஒருநாள் சாயங்காலம் வலது கையில் பெரிய கட்டோடு வீட்டுக்கு வந்தான். அவள் கையைப் பார்த்தாள். தட்டை இடது கைப் பக்கமாக நகர்த்தி வைத்தாள். இரண்டு விரல் போய்விட்டது என்று அவனாக வாய் திறந்து சொல்ல ஞாயிற்றுக்கிழமை ஆயிற்று. அப்படியே அந்தக் குடித்தனம் கடைசிவரை சண்டை சச்சரவில்லாமல் ஓடியது.

தோய்வோ போன பிறகுதான் தங்கை ரைலியோடு ரயிலில் நாட்டைச் சுற்றிவரும் வழக்கம் ஏற்பட்டது. ரைலி கிழக்கே யோயென்சூவில் இருக்கிறாள், தபால் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள், கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஒவ்வொரு பிப்ரவரியிலும் கயானிக்கு வந்து அக்காவைக் கூட்டிக்கொள்வாள். ஓலு, டம்பரே, துர்க்கு, ஹெல்சிங்கி, பிறகு கிழக்கு எல்லைக் காடுகளை ஒட்டி யோயென்சூ. அங்கே ரைலி வீட்டில் இரண்டு நாள் தங்கிவிட்டு ஹில்க்கா தனியாக ஊர் திரும்புவாள். ஏதோ வேடிக்கை பார்க்கப் போகிறார்கள் என்று நினைத்துவிட வேண்டாம். காடு, உறைந்த ஏரி, மறுபடி காடு, மறுபடி ஏரி. எல்லாம் பிறந்ததிலிருந்து பார்த்ததுதான். ஒருத்தி காலுறை பின்னுவாள், மற்றவள் குறுக்கெழுத்துப் போடுவாள். இரண்டு பேர் சேர்ந்து பேசாமலிருக்க ரயிலைவிடத் தோதான இடம் உண்டா என்ன.

இந்த வருஷம் கிளம்பின நாளிலிருந்தே ஏதோ சரியில்லை.

முதல் சந்தேகம் ஓலுவில் தட்டியது. அங்கே சில்வி என்று ஒரு பழைய சிநேகிதி, இருவருக்கும் பொது. வழக்கமாக வாசலில் கையைக் குலுக்கி, காபி கொடுத்து, பனியைப் பற்றி இரண்டு வார்த்தை பேசி அனுப்பிவிடுவாள். இந்தத் தடவை கதவைத் திறந்ததும் இருவரையும் ஒருவர் பின் ஒருவராகக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். ஹில்க்காவுக்குக் கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. எங்கள் ஊர்ப்பக்கம் சாவு வீட்டில்கூட இப்படிக் கட்டிக்கொள்ள மாட்டார்கள். கிளம்பும்போது ஹில்க்கா குனிந்து பூட்ஸ் மாட்டிக்கொண்டிருக்க, சில்வி கூடத்தில் ரைலியின் கையைப் பிடித்துக்கொண்டு தாழ்ந்த குரலில், ரொம்பத் தைரியமான பொண்ணு நீ, நான் உன் இடத்துல இருந்தா இடிஞ்சு உக்காந்திருப்பேன் என்றது காதில் விழுந்தது. ஹில்க்கா காது கேட்காத மாதிரி பூட்ஸ் கயிற்றை இழுத்துக் கட்டினாள்.

டம்பரேயில் சித்தப்பா மகன் கவுக்கோ ரயில் நிலையத்துக்கே வந்திருந்தான். பெற்ற தாயைப் புதைத்த அன்றைக்கும் கண் கலங்காத ஆள். காபிக் கடை ஓரமாக ரைலியோடு ஏதோ பேசிவிட்டுத் திரும்பி வந்தவனின் மூக்கு சிவந்திருந்தது. குளிர் என்றான். உள்ளே அப்படி ஒன்றும் குளிர் இல்லை. அன்றைக்கு அங்கே என்ன சாப்பிட்டோம் என்பதுகூட ஹில்க்காவுக்கு ஞாபகமில்லை. மனசு கிடந்து அடித்துக்கொள்ளும்போது தொண்டையில் எது இறங்கியது என்று யார் கவனிக்கிறார்கள்?

துர்க்குவில் ரைலி போட்டோ எடுக்க ஆரம்பித்தாள். போட்டோ என்றாலே முகத்தைத் திருப்பிக்கொள்ளும் ரைலி, ஆற்றங்கரையில் போகிற வருகிறவர்களை நிறுத்தி, அக்காவோடு சேர்ந்து நின்று எடுக்கச் சொன்னாள். ஒன்று போதாதென்று இன்னொன்று. எடுத்ததை உடனே பார்த்து, இன்னொன்று. யாருக்காக இத்தனை? தான் போன பிறகு மிச்சமிருப்பவர்கள் பார்த்துக்கொள்ளட்டும் என்று எடுப்பவள் போலத்தான் ஹில்க்காவுக்குத் தோன்றியது. தோன்றிய கையோடு அந்த நினைப்பைத் தள்ளிவிடப் பார்த்தாள். அது நகரவில்லை.

மறுநாள் காலை விடுதி அறையில் கண் விழித்தால் ரைலியின் படுக்கை கலையாமல் இருந்தது. நாற்காலியைக் கதவோடு ஒட்டிப் போட்டு, கோட்டைப் போர்த்திக்கொண்டு, அதிலேயே உட்கார்ந்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. கன்னம் குழி விழுந்திருந்தது. எதற்கு இப்படிப் பயப்படுகிறாள்? படுத்தால் எழுந்திருக்க மாட்டோம் என்றா? ஹில்க்கா சத்தம் போடாமல் மறுபடி படுத்து, இப்போதுதான் விழித்தவள் போல இருமினாள். ரைலி சட்டென்று எழுந்து நாற்காலியை நகர்த்தி வைத்தாள். இரண்டு பேரும் அதைப் பற்றி மூச்சு விடவில்லை.

எல்லாம் கூட்டிப் பார்த்தால் ஒரே விடைதான் வந்தது. ரைலி சாகப்போகிறாள். ஊர் ஊராக நின்று விடைபெற்றுக்கொண்டு வருகிறாள். சில்விக்குத் தெரியும், கவுக்கோவுக்குத் தெரியும், தெரியாதவள் கூடப் பிறந்த அக்கா ஒருத்திதான். அக்காவிடம் சொல்லத் துணிவில்லை அவளுக்கு. கேட்டால் சொல்லிவிடுவாளோ என்னவோ. ஆனால் கேட்பதாவது? சின்ன வயதில் ரைலி அழுதுகொண்டு பள்ளியிலிருந்து வந்தால்கூட ஹில்க்கா ஒரு டம்ளர் பாலை எதிரே வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்காருவாளே தவிர ஏன் என்று கேட்டதில்லை. அவளுக்குத் தெரிந்த அன்பு அதுதான். இப்போது அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று அவளுக்குப் புரியவில்லை.

ஹெல்சிங்கியில் பயணத்தின் கடைசி ரயிலில் ஏறினார்கள். கோவொலா தாண்டியதும் பனி வலுத்தது. எதிர் இருக்கையில் ஒருவர் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார், நல்ல குடும்பஸ்தர் மாதிரி தோற்றம். லப்பேன்ரன்தா வருவதற்கு முன்னாலேயே அவர் தாளை மடித்தார், பையை எடுத்தார், ரைலியை ஒரு பார்வை பார்த்துத் தலையசைத்துவிட்டு அடுத்த பெட்டிக்குப் போய்விட்டார். அந்தப் பார்வையில் இரக்கம் இருந்தது. முன்பின் தெரியாத மனுஷனுக்கே ரைலியின் முகத்தில் அது தெரிகிறது என்றால் நாள் நெருங்கிவிட்டது என்றுதானே அர்த்தம்?

கொஞ்ச நேரத்தில் சீட்டுப் பரிசோதகர் வந்தாள், இளம்பெண். ரைலி போனைக் காட்டினாள். ரெண்டு பேரும் யோயென்சூ வரைக்கும்தானே, அதுக்கு மேல சீட்டு இல்லையே என்று அவள் கேட்க, ரைலி இல்லை என்றாள். வழக்கமாக ஹில்க்கா ஊர் திரும்பும் சீட்டையும் அவள்தான் சேர்த்து வாங்குவாள். பரிசோதகர் போகிறவள் நின்று, குனிந்து, எல்லாம் சமாளிக்க முடியுதா, ஏதாவது உதவி வேணுமா என்று ரைலியிடம் கேட்டாள். ஹில்க்கா பக்கம் பார்த்துச் சிரிக்கவும் செய்தாள். குழந்தையைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பு.

இமாத்ராவுக்குப் பிறகு ஜன்னலில் ஊர் வெளிச்சம் எதுவும் இல்லை. பிற்பகல்தான், ஆனால் காடு பாதையை நெருக்கிக்கொண்டு வந்ததில் பெட்டிக்குள் சாயங்காலம் ஆகிவிட்டது. பனிச் சுமையில் வளைந்த மரங்கள் பாதையை நோக்கிக் குனிந்து நின்றன. ரைலி குறுக்கெழுத்தை மடியில் வைத்துக்கொண்டு ஒரு கட்டத்தைக்கூட நிரப்பாமல் இருந்தாள். பாரிக்கலா வந்தது, போனது. இன்னும் கொஞ்ச தூரம்தான். யோயென்சூவில் இறங்கிவிட்டால் ரைலி தன் வீட்டுக் கதவைச் சாத்திக்கொள்வாள், ஹில்க்கா கயானிக்குப் போய்விடுவாள், அப்புறம் ஒருநாள் போன் வரும். அந்தப் போனை எடுத்து, கேட்காமலே எல்லாவற்றையும் தெரிந்துகொண்டு, அப்படியே வைத்துவிட்டு உட்கார்ந்திருக்க வேண்டும். நினைக்கவே பொறுக்கவில்லை. மரியாதையாவது மண்ணாவது என்று வந்துவிட்டது அவளுக்கு. பிறந்ததிலிருந்து கேட்காத கேள்வியை இப்போது கேட்கிறோம் என்று தெரிந்தே பின்னல் ஊசிகளைக் கீழே வைத்தாள்.

"ரைலி, உனக்கு உடம்புக்கு என்ன? மறைக்காம சொல்லு."

ரைலி திடுக்கிடவில்லை. அதுதான் ஹில்க்காவை முதலில் பயமுறுத்தியது. அக்கா வாய் திறந்து கேட்கிறாள், உலகம் தலைகீழாகப் புரண்டுவிட்டது, இவளோ மெதுவாகப் பேனாவை மூடினாள்.

"எனக்கு ஒண்ணும் இல்லக்கா. உனக்குத்தான்."

ஹில்க்காவுக்கு முதலில் வந்தது நிம்மதி. உடம்பு முழுக்கச் சூடு பரவினாற்போல ஒரு நிம்மதி. "அப்பாடா" என்றாள். "நீ இல்ல. நல்லவேளை, நீ இல்ல."

ரைலியின் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. அவள் அதைத் துடைத்துக்கொள்ளவும் இல்லை. "இதையேதான் சொல்றேக்கா. ஓலுவுல சொன்னே. டம்பரேல கவுக்கோ முன்னாடி வச்சே சொன்னே. நேத்து துர்க்குல ஆத்தங்கரையில நின்னு சொன்னே. ஒவ்வொரு தடவையும் முதல்ல இதைத்தான் சொல்றே."

ஹில்க்கா அசையாமல் இருந்தாள். ஓலுவில் கேட்டேனா? பூட்ஸ் கட்டியது ஞாபகம் இருந்தது. டம்பரேயில் கவுக்கோவின் சிவந்த மூக்கு இருந்தது. அதற்கு முன்னும் பின்னும் தேடினாள், ஒன்றும் இல்லை. சாப்பாடுகூட இல்லை. நான் யாரிடமும் எதையும் கேட்கிறவள் இல்லையே என்றாள்.

அதில்தானே கண்டுபிடித்தேன் என்று ரைலி சொன்னாள். போனதற்கு முந்தின கிறிஸ்மஸுக்குக் கயானிக்கு வந்தபோது, ஹில்க்கா படிக்கட்டில் பக்கத்து வீட்டுக்காரரை நிறுத்தி, உன் பெண்டாட்டி ஏன் உன்னை விட்டுப் போனாள் என்று கேட்டிருக்கிறாள். அந்த மனுஷர் வெளிறிப்போய்விட்டாராம். டாக்டர் பிறகு கேட்டதற்கெல்லாம், என்ன மாசம், எந்த ஊர், ஹில்க்கா டக் டக்கென்று பதில் சொல்லித் தேறிவிட்டாள். டாக்டருக்கு மறதி நோய் என்று சந்தேகம் வர இன்னும் சில மாதம் ஆயிற்று. ரைலிக்கு அந்தப் படிக்கட்டிலேயே தெரிந்துபோனது. இதோ இந்த ரயிலில்கூட, எதிரே இருந்தவரிடம் எங்கே போறீங்க, யாரைப் பாக்கப் போறீங்க என்று மறுபடி மறுபடி கேட்டாள். பாவம், பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு அவர் எழுந்து போனார். விடுதியில் நாற்காலி போட்டு உட்கார்ந்ததும் அதற்குத்தான். முந்தின இரவு ஹில்க்கா மேல்கோட்டு இல்லாமல் வெளியே கிளம்பியிருந்தாள்.

ஹில்க்காவுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. வியாதியைவிட அந்த வெட்கம் பெரிதாக இருந்தது. ஒரு அந்நிய மனுஷனின் முகத்துக்கு நேரே, யாரைப் பார்க்கப் போகிறாய் என்று கேட்டிருக்கிறாள். ஜன்னலைப் பார்த்தாள். வெளியே காடு ஓடிக்கொண்டிருந்தது, அதன் மேல் ஒரு கிழவியின் முகம் தெரிந்தது.

"அப்போ ஊருக்குத் திரும்பற சீட்டு?"

"கயானிக்கு நீ இனிமே போகலக்கா. யோயென்சூல என் வீட்டுக்குப் பின்னால ஒரு முதியோர் இல்லம் இருக்கு. நாளைக்குச் சேத்துக்கிறாங்க. இலையுதிர் காலத்துல நீயே வந்து பாத்துட்டு, இதுவே இருக்கட்டும்னு சொன்னே."

"நானா சொன்னேன்?"

"நீதான். அதுக்கு முன்னால ஒரு சுத்து எல்லாரையும் பாத்துட்டு வந்துடலாம்னும் நீதான் சொன்னே."

ரயில் ஒரு உறைந்த ஏரியின் கரையோடு போயிற்று. பிறகு, நீ இதைச் சொன்னதும் நான் அடுத்தாற்போல என்ன கேட்பேன் என்றாள் ஹில்க்கா.

"உன்னையும் மறந்துடுவேனான்னு கேப்பே."

அது அப்போது அவள் நாக்கு நுனியில்தான் இருந்தது. "நீ என்ன சொல்வே?"

ரைலி குறுக்கெழுத்துத் தாளின் ஓரத்தை மடித்து மடித்து விரித்தாள். மற்றவர்கள் பேசாமலிருப்பதற்கு என்ன அர்த்தம் என்பதைத் தெரிந்துகொண்டே வாழ்ந்தவள் ஹில்க்கா. இதுவும் தெரிந்தது.

"இல்ல, மறக்கமாட்டேன்னு சொல்லியிருப்பே" என்றாள். "ஊருக்கு ஒரு தடவை பொய் சொல்லவச்சிருக்கேன் உன்னை. இனிமே வேண்டாம். ஒரு தடவை தெரிஞ்சுக்கிட்டேன்ல, போதும். இனி நான் கேக்கமாட்டேன், ரைலி."

சொல்லிவிட்டு ஊசிகளை எடுத்துக்கொண்டாள். ரைலி அவள் தோளில் சாய்ந்துகொண்டு மூக்கை உறிஞ்சினாள். அக்காவின் கை சீராக ஓடிக்கொண்டிருந்தது, ஒரு கண்ணிகூடத் தவறவில்லை. வெளியே இப்போது நன்றாகவே இருட்டிவிட்டது.

கிதே நிலையம் வருவதற்குள் பின்னலை நிறுத்தினாள். தங்கையின் முகத்தைக் கவலையோடு உற்றுப் பார்த்தாள்.

"ரைலி, ஏன் அழுதிருக்கே? உனக்கு உடம்புக்கு என்ன?"