சாந்தா ரொசாலியாவுக்கு வைத்த நேத்தி

அமாந்தினின் வலது முழங்கால் மூன்று வாரமாகச் சொடுக்குப் போட்டுக்கொண்டிருந்தது. அது அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

வயது பத்தொன்பது. இத்தாலியில், பலெர்மோ நகரின் கால்சாத் தெருக்களில் பையன்களோடு கால்பந்தடித்து வளர்ந்தவள், பதினான்கு வயதில் ரயிலேறிப் பக்கத்து ஊரான பகேரியாவின் அணிக்குப் போனாள். அங்கே தற்காப்பில் நிறுத்தினார்கள். கோல் போடாதவளைப் பத்திரிகையில் யார் எழுதப் போகிறார்கள்? ஆனால் அவளைத் தாண்டிப் போனவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். வலியை முகத்தில் காட்டினால் எதிரி அந்தப் பக்கமாகவே வருவாள் என்று அவளுக்குத் தெரியும். அந்தக் கெட்டித்தனம்தான் வினையாக வந்தது.

அப்பா பூபாலென் மொரிசியஸ்காரர். அந்த வழியில், ஆப்பிரிக்கக் கிண்ணத் தகுதிச் சுற்றுக்கான மொரிசியஸ் அணியின் முகாமுக்கு அவளுக்கு அழைப்பு வந்தது. வெள்ளிக்கிழமை விமானம். இலங்கையின் வன்னியிலிருந்து வந்து குடியேறிய அம்மா நிசாந்தி ஆனந்தத்தில் அழுதாள். அழுது முடித்ததும் குண்டைத் தூக்கிப் போட்டாள்.

"சாந்தா ரொசாலியாவுக்கு நேத்தி வச்சனான். அழைப்பு வந்தா நீ வெறுங்காலோடை மலை ஏறுவாய் எண்டு."

பலெர்மோத் தமிழருக்கு, சைவரோ கிறிஸ்தவரோ, பெல்லெக்ரினோ மலைக் குகையில் இருக்கும் அந்தப் புனிதைதான் கண்கண்ட தெய்வம்.

"திரும்பி வந்து ஏறுறன், அம்மா."

"நேத்தியைக் கடத்தினா உன்ரை காலுக்குத்தான் கூடாது."

உண்மையைச் சொன்னால் அம்மா அன்றைக்கே பயிற்சியாளருக்குப் போன் போடுவாள். முகாம் வேறொருத்திக்குப் போய்விடும். மலையடியில் அமாந்தின் செருப்பைக் கழற்றினாள்.

பாதி மலையில் முழங்கால் கொதிக்கத் தொடங்கியது. முன்னால் போன அம்மா ஒவ்வொரு வளைவிலும் நின்று, "களைக்குதே?" என்றாள். ஒவ்வொரு முறையும் மகள் சிரித்தாள். பாவி, அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம்.

குகையில் மெழுகுதிரி ஏற்றிவிட்டு நிசாந்தி மகளின் கன்னத்தைத் தடவினாள். "பாத்தியே, ஒண்டும் நடக்கேல்லை. இனி பஸ்ஸிலை இறங்குவம்."

தப்பித்தோம் என்றிருந்தது அமாந்தினுக்கு. பஸ் வந்தது. அம்மா முதலில் ஏறிப் போய் இடம் பிடித்தாள். அமாந்தின் வலது காலைப் படியில் வைத்து ஊன்றினாள். முழங்காலுக்குள் ஏதோ அறுந்தது. அந்தச் சத்தம் அவளுக்கே கேட்டது.

கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். பின்னால் நின்ற கிழவர் முணுமுணுத்தார்.

"ஏன் பிள்ளை நிக்கிறாய்? ஏறன்," என்றாள் அம்மா.

அமாந்தின் சிரிக்கப் பார்த்தாள். முகம் சொல்வழி கேட்கவில்லை.

"அம்மா, என்னாலை ஏற ஏலாது."